எங்கள் பெட்டிகள் ஓய்வெடுத்த மலை

மலைப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டது என் பெட்டிதான்.

பெரிய புளியமரம். அதன் நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலின்மேல் என் பெட்டியும் என் தோழி மரகதத்தின் ரெக்ஸின் பையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர், வாழையிலைத் துண்டில் கொஞ்சம் தேனடை. விருந்தாளிகளுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அத்தனையும் நடந்திருந்தது.

ஆசையாக இரண்டடி எடுத்து வைத்தேன். உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து ஓர் ஆள் பாய்ந்து வந்து வழியை மறித்தான். சட்டையெல்லாம் முள். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. மரகதத்தின் அண்ணன் தாமோதரன்.

எனக்குப் பின்னால் வேறு யாரும் இறங்குகிறார்களா என்று பஸ் படியை எட்டிப் பார்த்தான். ஒரு கோழிக்கூடை மட்டும் இறங்கியது.

இந்தத் தொடரில் நீங்கள் ஊர் சுற்றிய கதை ஒன்றுகூட வரவில்லையே என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறார். சுற்றியிருந்தால் அல்லவா எழுதுவதற்கு. ஓய்வுக்கென்று திட்டம் போட்டு நான் செய்த பயணம் என் ஆயுசிலேயே இது ஒன்றுதான். அந்தத் திட்டத்தின்படி ஓய்வெடுத்தவை மேலே சொன்ன பெட்டியும் பையும் மட்டுமே.

சும்மா இருக்க மூன்று நாள்

எழுபதுகளின் கடைசி. வேலூரில் நானும் மரகதமும் டெலிபோன் ஆபரேட்டர்கள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அப்போது எங்களிடம்தான் ட்ரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கும் வரை யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். சாவுச் செய்தி சொல்பவரும் கத்துவார், சம்பந்தம் பேசுபவரும் கத்துவார். இரண்டுக்கும் நாங்கள் ஒரே குரலில்தான் பேச வேண்டும்.

மரகதத்துக்கு அப்போது முப்பத்தொன்று. அப்பா இல்லை. அம்மா கிளியம்மா, அண்ணன் தாமோதரன், அவள், மூன்றே பேர்தான் வீட்டில். ஆனால் முப்பது பேருக்கான ஏவல் அந்த வீட்டில் நடக்கும். குழாயடியில் வரிசை நிற்பது மரகதம், ரேஷனுக்குப் போவது மரகதம், அண்ணன் சட்டைக்குப் பொத்தான் தைப்பது மரகதம். அண்ணன் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தான். வீட்டுக்கு வந்தால் கூரையைப் பார்த்து 'மரகதம்' என்று கூப்பிடுவான். அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்க மாட்டான்.

அவள் ஒரு நாள் ஸ்விட்ச் பலகை முன்னால் உட்கார்ந்தபடியே என்னிடம் சொன்னாள், மூன்று நாள் என் பேரை யாரும் கூப்பிடாத ஓர் இடம் வேண்டும் என்று.

எனக்கு உடனே ஜவ்வாது மலை ஞாபகம் வந்தது. என் சித்தி மகள் அங்கே ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட ஆசிரியை. யுகாதிக்கு அவள் கீழே இறங்கிவிடுவாள். வீடு காலி. வெள்ளி யுகாதி, தொடர்ந்து சனி, ஞாயிறு. பங்குனி வெயிலில் வேலூர் வேகும்போது மலையில் இலுப்பை பூத்திருக்கும். சாமைச் சோறு, கீரை, தூக்கம். வேறெதுவும் கிடையாது.

இரண்டு பேர் மூன்று நாள் சும்மா இருப்பதற்கு ஆறு பேருடைய ஷிப்டை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக தீபாவளி, பொங்கல், ஆடிக் கிருத்திகை எல்லாவற்றுக்கும் நாங்கள் இருவரே வேலை செய்வதாக எழுதிக் கொடுத்தோம். சும்மா இருப்பதைப் போல் செலவு பிடிக்கிற காரியம் உலகத்தில் கிடையாது.

திருப்பத்தூர் குரல்

மரகதம் மூன்று நாள் கேட்டதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும்.

திருப்பத்தூர் எக்ஸ்சேஞ்சில் ஏகாம்பரம் என்று ஓர் ஆபரேட்டர். நாலு வருடமாக இருவரும் லைனில் பேசுகிறார்கள், பார்த்ததே இல்லை. எங்கள் பலகைகளில் எட்டுப் பெண்கள் மாறி மாறி உட்காருவோம். யார் எடுத்தாலும் 'ட்ரங்க்' என்ற ஒரே வார்த்தைதான் சொல்வோம். அந்த ஒரு வார்த்தையிலேயே மரகதத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். அவளுக்குச் சளி பிடித்திருந்தால் அதையும் கண்டுபிடித்து, மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்வார்.

அந்த மாசி கடைசியில் அவர் கேட்டுவிட்டார், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. அவர் மனைவி இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். மரகதம் யுகாதி முடிந்து திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டாள்.

அவள் வீட்டில் இதற்கு முன்னால் வந்த வரன்களை எல்லாம் தாமோதரன்தான் பார்த்தான். ஒருவருக்கு உயரம் போதவில்லை என்றான், இன்னொருவர் வீட்டில் நாய் வளர்க்கிறார்கள் என்றான். ஆறேழு வருடம் இப்படியே போயிற்று. அதனால் இந்தத் தடவை யாரிடமும் கேட்காமல் தானே யோசித்துத் தானே முடிவு செய்ய வேண்டும் என்று அவள் நினைத்தாள். அதற்கு மூன்று நாள் அமைதி போதும் என்றாள். பெரிய பேராசை ஒன்றும் இல்லை.

தெற்கும் மேற்கும்

திட்டத்தைக் கெடுத்தது பஞ்சாங்கம். கெடுத்தது என்று சொல்லக்கூடாது, அது பாட்டுக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளியம்மாதான் எடுத்துப் பிரித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்பலாம் என்றோம். வியாழன் தெற்கே சூலம், அந்தத் திசைக்குப் போகக்கூடாது என்றார். வெள்ளிக்கிழமை கிளம்பலாம் என்றோம். வெள்ளி மேற்கே சூலம் என்றார். வேலூரிலிருந்து ஜவ்வாது மலை தென்மேற்கில் இருக்கிறது. கடவுள் அதை அங்கே வைத்தபோது எங்கள் ஷிப்டை யோசிக்கவில்லை. போதாததற்கு யுகாதி என்றாலே பிரதமை, புறப்படும் காரியத்துக்கு ஆகாது. சனிக்கிழமை மரகதத்துக்குச் சந்திராஷ்டமம்.

ஆனால் நம் பெரியவர்கள் வழியில்லாமல் எந்தக் கதவையும் சாத்த மாட்டார்கள். நல்ல நாளில் நாம் புறப்பட முடியாவிட்டால் நம் சாமானை மட்டும் புறப்பட வைத்துவிடலாம். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரத்தில் துணிமூட்டையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கிழமை போனாலும் தோஷம் இல்லை.

அடுத்த வீடு வடக்குப் பக்கம் இருந்தது. புதன்கிழமை வடக்கே சூலம். அதனால் கிளியம்மா ஒரு மேலான யோசனை சொன்னார். போளூர் பஸ் கண்டக்டர் தெரிந்தவர். மரகதத்தின் பையை அவரிடம் கொடுத்து சந்தவாசலில் இருக்கும் அவள் அத்தை வீட்டில் வைக்கச் சொன்னால், தெற்கேயும் ஆச்சு, பாதி வழியும் ஆச்சு. வெள்ளிக்கிழமை நாங்கள் போகும்போது எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டியது.

புதன்கிழமை பத்து மணிக்குள் பைக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வலது காலை வைத்து அனுப்பினார்கள். பையின் வலது கால் எது என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. மரகதம் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தாள். ஒரே பயணத்துக்கு ஒருத்தி சாமான் முன்னால் போய் இன்னொருத்தி சாமான் பின்னால் போகலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். நானும் என் பெட்டியைக் கொண்டுபோய் அதே கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் ஓடினோம்.

என் பெட்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது என் அப்பாவுடையது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது கொண்டுவந்த கறுப்பு இரும்புப் பெட்டி. மூடியின்மேல் வெள்ளைப் பெயிண்டில் அவர் நம்பரும் 'ஹவ். கோவிந்தசாமி' என்ற பெயரும் பெரிதாக எழுதியிருக்கும். அதற்குக் கீழே நான் ஒரு காகிதத்தில் மலையூர் டீச்சரம்மா வீட்டு விலாசத்தை எழுதி ஒட்டியிருந்தேன். உள்ளே என் புடவை இரண்டு, ஒரு டின் முறுக்கு.

மூன்று நிமிடம்

வியாழக்கிழமை காலை நாங்கள் இருவரும் டூட்டியில் இருந்தோம். பதினொரு மணி இருக்கும். சந்தவாசல் தபாலாபீஸிலிருந்து ஒரு கால். வேலூரில் ஒரு தோல் மண்டி, தாமோதரன் என்பவரை அழைக்க வேண்டும், அவசரம்.

மரகதம்தான் எடுத்தாள். அத்தையின் குரலை அவள் தெரிந்துகொண்டாள். அவளுடைய குரலை அத்தை தெரிந்துகொள்ளவில்லை. டூட்டியில் சொந்தப் பேச்சு பேசக்கூடாது என்பது விதி. மண்டியைக் கூப்பிட்டு இணைத்துவிட்டு, காரணம் தெரியாமல் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நானும் என் ஹெட்போனை அந்த லைனில் சொருகிக்கொண்டேன். அது விதிக்குப் புறம்பு. அரசாங்கத்தால் இப்போது என்னை ஒன்றும் செய்ய முடியாது, பென்ஷனே வாங்கி வருகிறேன்.

அத்தை மூச்சு வாங்கச் சொன்னார். "பரஸ்தானம்னு ஒரு பைதானடா வரும்னு சொன்னீங்க? கூட ஒரு மிலிட்டரிக்காரன் பொட்டி வந்துக்குது. ஆம்பள பேரு எழுதிக்குது. மலைக்கு விலாசம் போட்டுக்குது. உன் தங்கச்சிதான் கையால குடுத்துட்டு ஓடிச்சாம், கண்டக்டர் சொல்றாரு."

அத்தையின் வீட்டுக்காரரான மாமா அந்தச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே மலைக்குக் கிளம்பிவிட்டார், ஜோடியைக் கையும் களவுமாகப் பிடிக்க. இந்நேரம் இருவரும் மலையில்தான் இருப்பார்கள். இதெல்லாம் அத்தையின் முடிவு.

நான் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினேன். மரகதம் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்க வேண்டும் அவளுக்கு. அவனும் யோசித்துத்தான் சொன்னான்.

"அந்தப் பையைத் தொறந்து பாத்தீங்களா அத்தை? ரேஷன் கார்டு இருக்குதா?"

இல்லை என்றார் அத்தை. அப்படியானால் அவள் கையில் வைத்திருப்பாள் என்றான். சர்க்கரை இந்த வாரம்தான் போடுகிறார்கள் என்றான். காலையில் டூட்டிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனாளே என்றான்.

எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு போன் போட்டு, அவள் டூட்டியில் இருக்கிறாளா என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவனுக்குத் தோன்றவில்லை.

கடிகாரத்தைப் பார்த்து மரகதம் லைனில் நுழைந்தாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"மூணு நிமிஷம் முடிஞ்சிது. நீட்டிக்கலாமா?"

"வாணாம்மா, வெச்சுடு" என்றான் அவள் அண்ணன்.

சாவி

அன்று வியாழக்கிழமை, தெற்கே சூலம், அமாவாசை வேறு. யாரும் பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. கிளியம்மாவும் தாமோதரனும் அடுத்த பஸ்ஸில் போளூர் போய், மலைப் பஸ் போய்விட்டதால், புளி ஏற்றப் போன லாரியில் ஏறி மலைக்குப் போனார்கள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து மரகதமும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு நாகரத்தினம் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் அம்மாவும் அண்ணனும் உன்னைத் தேடிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மரகதத்திடமே சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே ஓடிவிட்டார்.

மரகதம் கதவைத் திறந்தாள். கூடத்தில் நடுவாக நின்றாள். சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் அப்படியே நின்றாள். பிறகு முற்றத்தில் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் காலை நீட்டி நான் பார்த்ததே இல்லை.

"கஸ்தூரி, எனக்கு மூணு நாள் கெடச்சிடுச்சி" என்றாள். "எடம்தான் மாறிப்போச்சி. நீ நாளைக்கி மலைக்குப் போ. ஞாயித்துக்கெழம வரைக்கும் அவங்கள அங்கயே வெச்சுக்கோ."

இப்படியாக, நான் ஓய்வெடுக்கப் போட்ட திட்டத்தில், மரகதத்தின் குடும்பத்தை மூன்று நாள் ஓய்வெடுக்க வைக்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

பதுங்கியிருந்தவர்கள்

இப்போது புளியமரத்தடிக்குத் திரும்புவோம்.

தாமோதரன் புதரிலிருந்து வெளியே வந்து, மரகதம் எங்கே என்று கேட்டான். வரவில்லை என்றேன். வருவாளா என்றான். வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வர வேண்டும், திங்கட்கிழமை டூட்டி என்றேன். அந்த மூன்று நாளும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்த மாமா வந்து, கட்டிலில், என் பெட்டியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு மறுபடியும் காவல் உட்கார்ந்தார். பூட்டை உடைத்துப் பார்க்கலாம் என்று ஊரில் ஒருவர் சொன்னாராம். பட்டாளத்துச் சொத்து, கைவைத்தால் கேஸ் ஆகிவிடும் என்று மாமா தடுத்துவிட்டார். சாவி என் இடுப்பில் இருந்தது. பெட்டி என்னுடையது என்று சொன்னால் காதலன் மறைந்துவிடுவான், எல்லோரும் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் என் மாற்றுப் புடவைகள் சாட்சிப் பொருளாகக் கட்டிலில் கிடக்க, கட்டிய புடவையோடு நான் மூன்று நாளை ஓட்டினேன்.

மலைக்கு ஒரே பஸ்தான். பிற்பகல் மூன்று மணிக்கு வரும், காலையில் இறங்கும். ஆகவே பதுங்கியிருக்கிற வேலை தினம் பத்து நிமிடம்தான். மிச்ச நேரத்துக்குத் தாமோதரனுக்கு ஒரு வேலையும் இல்லை. கூப்பிட மரகதமும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் தன் சட்டையைத் தானே ஓடையில் துவைத்தான். சனிக்கிழமை காலை ஓடையிலேயே படுத்துக் கிடந்தான்.

ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. ஓர் ஆணும் பெண்ணும் பிரியப்பட்டு வந்துவிட்டால் ஊருக்கு ஒரு வேளை சோறு போட்டால் சரியாகிவிடும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் சோற்றுக்கு ஆயத்தமாகவே இருந்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு, பஸ்ஸில் வருகிற ஜோடி கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிடக்கூடாது என்று ஊரே மரத்துக்கும் வைக்கோல் போருக்கும் பின்னால் மறைந்துகொண்டது. ஆடுகளைக்கூட ஒதுக்கிவிட்டார்கள். பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிச் சுற்றிலும் பார்த்தார். ஒரு கட்டில், அதில் ஒரு பெட்டி, ஒரு பை. மனுஷப் பூண்டு இல்லை. கண்டக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு அவசரமாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புளி உலுக்குகிற காலம் அது. கிளியம்மா முதல் நாள் மரத்தடியில் உட்கார்ந்து அழுதாராம். இரண்டாம் நாள் அழுதுகொண்டே புளி ஓட்டை உடைத்தார். மூன்றாம் நாள் அழுகையை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் உடைத்தார். மத்தியானம் சாமைச் சோறு சாப்பிட்டு அப்படியே தரையில் படுத்துத் தூங்கினார். எழுபது கூடை வேலை இருக்கிறவர்போல் எப்போதும் பரபரக்கும் கிளியம்மா தூங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, குழந்தைபோல் தூங்கினார்.

எழுந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அந்த மிலிட்டரிக்காரன உனக்குத் தெரியும். மூஞ்சிய பாத்தாலே தெரியுது. ஆளு எப்படி?"

எனக்குத் தெரிந்த ஹவில்தார் கோவிந்தசாமியைப் பற்றி உள்ளதைச் சொன்னேன். நல்ல மனிதர். கோபம் வரும், உடனே போய்விடும். விடியற்காலையில் எழுந்து தன் துணியைத் தானே இஸ்திரி போடுவார். பண்டிகைக்குக் கொஞ்சம் ரம் உண்டு. பல் இரண்டு கிடையாது.

"சண்டையில போச்சா?" என்றார் கிளியம்மா.

கரும்பு கடித்ததில் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் புளியங்கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தார். "எங்கனா நல்லா இருந்தா சரி. தாமு வாய்க்குப் பயந்துகினு நான் ஒரு வரனுக்கும் வாயத் தொறக்கல. என் பொண்ணு ஓடித்தான் போவணும்னு ஆக்கிட்டேனே" என்றார்.  எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட வாய் வரைக்கும் வந்துவிட்டது. மரகதம் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்ததை நினைத்து விழுங்கினேன்.

என்னைக் கண்டுபிடித்தது ஒருத்திதான். டீச்சரம்மா வீட்டுக்கு எதிர்வீட்டு வெள்ளச்சி. ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தவள், மாமா கேட்காத தூரத்தில் நின்று சொன்னாள்.

"பொட்டி உன்னுதுதானே? வந்ததுலேர்ந்து அதயே பாக்குற. சீலை மாத்தாத பொம்பளதான் பொட்டிய அப்படிப் பாப்பா."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். மலைக்கு வராத அந்தப் பெண் எதற்காக இதெல்லாம் செய்கிறாள் என்று வெள்ளச்சி கேட்டாள். ஒருவரைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்க மூன்று நாள் வேண்டியிருந்தது என்றேன். வெள்ளச்சிக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு மரத்துப் புளியை உலுக்கி முடிப்பதற்குள் தான் யோசித்து முடித்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு, "ஆனா என்ன யாரும் நடுவுல கூப்புடல" என்றாள்.

வீட்டில்தான் இருந்தேன்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் எல்லோரும் இறங்கினோம். இனி அவள் வர மாட்டாள் என்று மாமாவே தீர்ப்புச் சொல்லிவிட்டு, சந்தவாசலில் இறங்கிக்கொண்டார். ஊர்க்காரர்கள் கிளியம்மாவுக்கு ஒரு கூடைப் புளி கொடுத்திருந்தார்கள். தாமோதரன் முகத்தில் வெயில் ஏறி, இரண்டு வயது குறைந்தவன் மாதிரி இருந்தான். 

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மரகதம் தலைக்குக் குளித்து, ஈர முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கேயடி போயிருந்தாய் என்று கிளியம்மா கேட்டார். 

"எங்கியும் போவல. வியாழக்கெழம டூட்டிக்குப் போனேன், வந்தேன். வூட்லதான் இருந்தேன்."

அத்தை போன் செய்தாரே என்று தாமோதரன் ஆரம்பித்தான்.

"தெரியும். நான்தான் கனெக்‌ஷன் குடுத்தேன்" என்றாள் மரகதம். "மூணு நிமிஷம் முடிஞ்சிதுன்னு சொன்னதும் நான்தாண்ணே."

 மரகதம் எழுந்து போய் அலமாரியிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. சாதாரணமாகத்தான் வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, திருப்பத்தூரில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு நாளைக்குச் சரி என்று சொல்லப்போகிறேன் என்றாள். தாமோதரன் கார்டைப் பிடித்தபடியே வாசலுக்குப் போய்விட்டான்.

கிளியம்மாவுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. மூன்று நாளாக மனசைத் தேற்றி மாப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டிருந்த ஹவில்தாருக்கு இப்போது என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்டார். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, என் புடவைகளுக்கு அடியிலிருந்த முறுக்கு டின்னை அவர் கையில் கொடுத்தேன். முறுக்கு நமுத்துப் போயிருந்தது.

திங்கட்கிழமை

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கியதும் மரகதம் திருப்பத்தூரைக் கூப்பிட்டாள். சரி என்று மட்டும் சொன்னாள்.  அவர், சாப்பிட்டீர்களா என்று கேட்டாராம்.

பத்து மணிக்கு என் பலகையில் ஓர் அழைப்பு. 'ட்ரங்க்' என்றேன். மரகதமா என்று ஓர் ஆண்குரல் தயங்கிக் கேட்டது. இல்லண்ணே, கஸ்தூரி என்றேன். வெட்டிவிட்டான். சற்று நேரத்தில் அடுத்த பலகைப் பெண்ணுக்கு அதே அழைப்பு. மரகதமா என்றான், இல்லை என்றதும் வைத்துவிட்டான். அதற்கடுத்து எங்கள் சூப்பர்வைசர் அம்மாளிடமே மாட்டிக்கொண்டான். யாரிடமும் மரகதத்தைக் கூப்பிடச் சொல்லி அவன் கேட்கவில்லை.

நாலாவது தடவை விளக்கு மரகதத்தின் பலகையில் எரிந்தது. அவள் பிளக்கைச் சொருகி, வழக்கம்போல, "ட்ரங்க்" என்றாள். நான் மறுபடியும் விதியை மீறினேன்.



"இன்னொரு தபா சொல்லு" என்றான்.

"ட்ரங்க்" என்றாள் மரகதம்.

"நீதான்" என்றான் தாமோதரன்.  பின்னால் மண்டியில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், இரு என்று அவர்களிடம் சொன்னான். பிறகு கேட்டான்.

"அவரு பேரு இன்னா?"